ஏழுக்குக் கீழே ஓர் எண்

"பத்துக்கு எத்தனை?"

கோடை விடுமுறை முடிந்து பிப்ரவரியில் பள்ளி திறந்த அன்று, வாசலில் டேப்லட்டோடு நின்ற தலைமையாசிரியர் ஹாலம், மெரின் டூஹி என்ற மாணவியிடம் கேட்ட கேள்வி இது. ஒன்பதாம் வகுப்புக்குள் அன்றுதான் காலெடுத்து வைக்கப் போகிற பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாராம். இனி தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எண்ணை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம்.

மெரின் யோசித்து ஏழு என்று அழுத்தினாள். எட்டு போட்டால் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். ஆறு போட்டால் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நான்குக்குக் கீழே போனாலோ வீட்டுக்கே செய்தி பறந்துவிடும். ஏழு போட்டவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இது அவள் ஒருத்தியின் கண்டுபிடிப்பு அல்ல. டாரவில் என்ற அந்தக் கோதுமை ஊரில் யாரை நலம் கேட்டாலும் "ஓடுது" என்றுதான் பதில் வரும். மூன்று வருஷமாக மழையைப் பார்க்காதவரும் அதையேதான் சொல்வார். பிரைஸ் என்பவரின் அறுவடை இயந்திரம் நடுவயலில் தீப்பிடித்து எரிந்தபோது, பக்கத்தில் நின்றபடி தீயணைப்பு வண்டிக்காரரிடம் அவர் "ஓடுது" என்றார். ஓடாத ஒரே பொருள் அந்த இயந்திரம்தான். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த நூற்று நாற்பது பிள்ளைகளும் வரிசையாக வந்து ஏழு போட்டுவிட்டுப் போனார்கள். காலை முறித்துக்கொண்டு கட்டுப் போட்டு வந்த டார்சி மட்டும் ஒருநாள் ஆறு போட்டுவிட்டு, வாரம் முழுக்க வெட்கத்தோடு திரிந்தான்.

மெரினுக்கு உண்மையில் ஏழெல்லாம் இல்லை. போன வருஷக் குளிர்காலத்தில் அம்மா நகரத்துக்குப் போனவள் திரும்பவில்லை. அதன்பிறகு வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எழுந்து வெளியே போய்விடுவாள். பாதி நாள் பள்ளிக்கு மட்டம். வீட்டில் அப்பாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து, உப்பை எடு என்பதைத் தவிர வேறு பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். இந்த வருஷம் அவள் ஒருநாள் தவறாமல் பள்ளிக்கு வந்ததற்குக் காரணம் கிளெனிஸ்.

கிளெனிஸ் பள்ளியின் மனநல உதவியாளர். அதற்கு முன்னால் இருபது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் ஆக்கிப் போட்டவள். நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்த சின்ன அறையைக் காலி செய்து, ஒரு டோஸ்டரையும் ஆறு நாற்காலிகளையும் போட்டு அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே போனால், ரொட்டியில் தடவ உப்புப் பசையா இனிப்பா என்று அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வெஜிமைட்டா, தேனா, கண்ணு?" அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். மெரின் டோஸ்டைத் தின்று, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

நவம்பரில் வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டாரவில் பள்ளியின் சராசரி எண் ஏழு. வட்டாரத்திலேயே மகிழ்ச்சியான பிள்ளைகள் இங்கேதான். ஆகவே அடுத்த ஆண்டு முதல் மனநல உதவியாளர் தேவையில்லை. ஹாலம் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் உரக்கப் படித்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். நாலாவது தட்டில்தான் விஷயம் அவருக்கே உறைத்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

அன்று மதியமே டார்சி டோஸ்ட் அறையில் கூட்டம் போட்டான். நாளையிலிருந்து ஆளுக்கு இரண்டு போட வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மறுநாள் சராசரி ஆறரை. இரண்டு போட ஒருவருக்கும் கை வரவில்லை. டார்சியே ஆறு போட்டிருந்தான்.

"எங்கப்பாவுக்கு மெசேஜ் போயிருமேடா," என்றான். "ஊருக்குள்ள தலைகாட்ட முடியாதுன்னுவாரு."

முடிவைத் திரும்ப யோசிக்கும்படி ஹாலம் எழுதிப் போட்டதில், ஃபெனெல்லா ஸ்டிராண்ட் என்ற வட்டார அதிகாரி நேரில் வந்தார். டோஸ்ட் அறையில் சில பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவராக விசாரித்தார். ஓடுது மிஸ், ஓடுது மிஸ் என்று அறையைச் சுற்றி வந்தது பதில். கிளெனிஸ் டோஸ்டரைப் பார்த்தபடி நின்றாள். அவளையும் கேட்டார் அதிகாரி. பாவி, அவளும் ஓடுது என்றே சொன்னாள்.

மெரினின் முறை வந்தது. இந்த அறை போனால் தான் மறுபடி வீட்டில் படுத்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மேசையில் கிடந்த பள்ளி டேப்லட்டை இழுத்து, எல்லோரும் பார்க்க, மூன்று என்று அழுத்தினாள்.

யாரோ சட்டையைக் கழற்றிவிட்டது போல எல்லோரும் சங்கடமாக வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு டார்சி தொண்டையைச் செருமினான்.

"அவளுக்கே மூணுன்னா, எனக்கு நாலு போட்டுக்கங்க மிஸ்."

அவ்வளவுதான், ஆட்டுச் சந்தை ஏலம் தலைகீழாக நடந்தது போல ஆயிற்று. ஒருத்தி நான்கு என்றாள், இன்னொருத்தி மூன்றரை உண்டா என்று கேட்டாள், மூலையிலிருந்த ஒருவன் இரண்டு என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். கிளெனிஸ் மளமளவென்று ரொட்டியைப் போட்டாள்.

ஃபெனெல்லா பேனாவை மூடியே வைத்திருந்தார். "இத்தனை மாசமா ஏழு, இன்னிக்கு மூணா?" என்றார். "யாரோ சொல்லிக் குடுத்த மாதிரில்ல இருக்கு?"

அந்நேரம் வாசலில் புழுதி வாசனை அடித்தது. மெரினின் அப்பா கெர்வின். மகள் மூன்று போட்ட செய்தி கிடைத்ததும் அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு, தலைமுடியெல்லாம் பதரோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மகளின் கைகால்கள் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணால் எண்ணினார். கிளெனிஸ் அவர் கையிலும் ஒரு டோஸ்டைத் திணித்தாள்; மரியாதைக்கு ஒரு கடி கடித்தார்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இவ மூணுன்னு போட்டிருக்கா. வீட்டுல நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?"

கெர்வின் வாயைத் திறந்தார். ஊரே அந்தப் பதிலை அறியும். டார்சியின் உதடுகள் அதை அவருக்கு முன்னாலேயே சொல்லத் தயாராகிவிட்டன. ஆனால் கெர்வின் மெரினைப் பார்த்தார். மெரின், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தலையைக் குனிந்துகொள்ளாமல் அவரையே பார்த்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே ஒரு துண்டு ரொட்டி தெரிந்தது.

இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்று ஃபெனெல்லாவுக்குப் பட்டது. பிறகு பேனாவைத் திறந்து, கடிதத்தில் 'தேவையில்லை' என்ற வரியின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

கெர்வின் வாயை மூடினார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தன் கரடுமுரடான கையை மகளின் தலையில் ஒரு நொடி வைத்து எடுத்தார். அவள் முடியில் கொஞ்சம் பதர் ஒட்டிக்கொண்டது. மீதி டோஸ்டோடு வெளியே நடந்தார்.