ஏழு பைகளில் போன பல்

எங்கள் நாரின் நகரில் ஷெரினே என்கிற சீட்டு விருந்துக்கு வரும் பெண்கள் கைப்பைக்குள் பிளாஸ்டிக் பையை மடித்து வைத்துக்கொண்டுதான் வருவார்கள். மாதம் ஒரு வீட்டில் விருந்து. எட்டுப் பேர், அந்த வீட்டுக்காரிக்கு மற்ற ஏழு பேரும் ஆளுக்கு ஐயாயிரம் சோம் தருவார்கள். சேமிப்பாம்! வீட்டுக்காரி அதில் பாதிக்குமேல் குதிரைக்கறியும் கேக்கும் வாங்கிப் பரப்புவாள். மிஞ்சியதை ஏழு பைகளில் கட்டிக் கொடுக்காவிட்டால் மானம் போய்விடும்.

அம்மாவின் முன்பல் விழுந்து இரண்டு வருடம். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். போன தடவை எங்கள் முறை வந்தபோதே பல் கட்டியிருக்க வேண்டியது. பணம் தட்டுகளில் போயிற்று.

"இந்தத் தடவ சூப்பு, பொரிச்ச பொர்சோக் ரொட்டி, டீ. அவ்வளவுதான்," என்றேன்.

"படிச்ச திமிரு," என்றாள் அம்மா. "வேலைக்குப் போக இருவது நிமிஷ நட. அதுக்கு தெனம் டாக்ஸி. நீ எனக்குப் புத்தி சொல்றியாக்கும்?"

சுருக்கென்றது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். "சரி, நான் நடக்கிறேன். நீ சூப்போட நிறுத்து," என்றேன்.

மூன்று வாரம் நடந்தேன். முதல் வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டே.

எங்கள் வீட்டு ஷெரினே அன்று மதியம் வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா கையில் போன். கறிக்கடைக்காரனிடம், "அஞ்சு கிலோ..." என்று இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தேன். அவள் என் பூட்ஸைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறும் பனியும்.

"வேணாம் தம்பி, கறி வேணாம்," என்று போனை வைத்தாள்.

சாயங்காலம் எல்லாரும் சூப்பைக் குடித்தார்கள். இரண்டாம் கிண்ணமும் கேட்டார்கள். அடுத்த மாதம் விருந்து வைக்கவேண்டிய ஜுமாகுல் அக்காதான் பையை எடுத்து உதறினாள்.

"ஏன் புருல், இதுல என்னத்தடி கட்டிட்டுப் போறது? சூப்பையா?"

அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள். "நல்லாப் பாத்துக்கங்கடி இந்த ஓட்டைய. போன தடவ உங்க ஏழு பையிலயும் போனது என் பல்லுதான்."

முதலில் அக்காதான் சிரித்தாள். பிறகு எழுந்த சிரிப்பில் தேநீர்க் கிண்ணங்கள் ஆடின. அக்கா கண்ணைத் துடைத்தபடி பையை மடித்தாள். "அப்ப அடுத்த மாசம் என் வீட்லயும் சூப்புதான். எவளாவது பையோட வந்தா வாசல்லயே நிறுத்திருவேன்!"

பல் கட்டி இரண்டு வாரமாகிறது. இன்று காலை அம்மா ஜன்னலோரம் நின்று ஒரு முழு ஆப்பிளை நறுக்கென்று கடித்தாள். வெளியே பனி கொட்டியது.

"டாக்ஸி கூப்பிடட்டுமா, பட்டதாரி அம்மா?" என்றாள் வாய் நிறைய ஆப்பிளோடு, கை எதுவும் மறைக்காமல்.

நான் பூட்ஸை மாட்டிக்கொண்டேன்.