கீழிருந்து மேலே வந்த கார்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. என் வீட்டு ஜன்னலை அளக்க வந்தவருடையது. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அந்த அம்மா முக்காலியில் ஏறி நின்று அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தார். "வேணாம்னா வேணாம்டா," என்றார். வைத்தார். மறுபடியும் வந்தது. மறுபடியும் அதே பதில். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் இறங்கி, அளவுநாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என் தம்பிங்க. சும்மா கார் குடுக்கறேங்கறான். நீங்க கதை எழுதறவங்களாமே. இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க பார்ப்போம்."

என்னிடம் இதுவரை யாரும் முடிவு கேட்டதில்லை. 'எப்போது முடிப்பீர்கள்' என்றுதான் கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அளந்து முடிப்பதற்குள் மனதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அவர் 'அக்கா' ஆகிவிட்டார். அடுத்த பகுதியில் 'அவள்' ஆகிவிடுவார். நேரில் 'வாங்க, போங்க', தாளில் 'வந்தாள், போனாள்'. எழுதுகிறவர்களின் திமிர் இது, மன்னிக்க வேண்டும்.

2.

தொடக்கம் ஒன்று: மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த அந்தக் கார், மாலை வெயிலில் ஒரு பெருமூச்சு விட்டபடி

இல்லை. கார் பெருமூச்சு விட ஆரம்பித்தால் அப்புறம் அழவும் செய்யும்.

தொடக்கம் இரண்டு: "ஓசியில வர்றதுல ஏதாவது உள்குத்து இருக்கும்," என்றார் அக்காவின் கணவர், தேநீரை உறிஞ்சியபடி.

இந்தக் கணவரை நானாகச் சேர்த்தேன், ஒருவராவது சந்தேகப்பட வேண்டுமே என்று. இரண்டு பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்தாரே தவிர ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை. தூக்கிவிட்டேன்.*

* அவர் குடித்த கோப்பை இன்னும் மேசையில் இருக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள்.

தொடக்கம் மூன்று. இதுதான் நிற்கிறது:

அக்காவுக்குக் கார் தேவை. ஆளுயரத்தைத் தாண்டிய திரைக்கம்பிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் போகிறாள். நிறுத்தினால் கம்பி கூரையில் இடிக்கும். சாய்த்தால் யாருடைய முழங்காலையாவது பதம் பார்க்கும். அந்த பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்கள் அவளைக் கண்டதும் கால்களை மடக்கிக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

தம்பி மருந்துக் கம்பெனியில் விற்பனையாளன். ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பதுதான் வேலை. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி என்று ஓடும் அவனுடைய ஹைபிரிட் கார் அந்த மூன்று லட்சம் கிலோமீட்டரும் ஓடியது அப்படித்தான். இப்போது கம்பெனியே புதுக் கார் கொடுத்துவிட்டது. பழசு அக்காவுக்கு என்கிறான்.

தேவைப்படுகிறவளுக்குத் தேவையானது சும்மா வருகிறது. வாங்கிக்கொண்டால் கதை இங்கேயே முடிந்தது. நீங்களும் போய் உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

3.

ஆனால் [இந்த 'ஆனால்' இல்லாவிட்டால் என் பிழைப்பு நடக்காது] அந்த வீட்டில் பழைய பொருள்கள் ஒரே திசையில்தான் போகும். அக்காவிடமிருந்து தம்பிக்கு. அக்காவின் பள்ளிக்கூடப் பை, அக்காவின் சைக்கிள், அக்காவின் பூப்போட்ட மழைக்கோட்டு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பையன் மழைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் போனான். பிறகு அக்கா தைத்த திரைகளில் அவன் கல்லூரிப் படிப்பு ஓடியது. அவள் கொடுப்பாள், அவன் வாங்கிக்கொள்வான். அவர்கள் பாசம் மொத்தமும் இந்த ஒரு வழியாகத்தான் போய்வந்தது. அவனிடம் வாங்கிவிட்டால் அப்புறம் தான் அவனுக்கு யார் என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது.

பயம் என்று போனில் சொல்ல முடியுமா? வேறு என்னென்னவோ சொன்னாள்.

"நிறுத்த இடமில்லடா."

"உன் தையல் கடை வாசல்ல நிறுத்திக்கோ."

"எனக்கு ஓட்டவே மறந்து போச்சு."

"லைசென்ஸ மட்டும் விடாம புதுப்பிக்கறே. அதுக்கு நான்தானே கூட வர்றேன்."

"கலர் பிடிக்கல."

"பூப்போட்ட மழைக்கோட்டு எனக்கு மட்டும் பிடிச்சுதா?" என்றான்.

தம்பியின் மேல் எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவன் உண்டா? அவனுக்கு ஒரு கெட்ட எண்ணம் வைத்து எழுதிப் பார்த்தேன். விற்றால் வாங்க ஆளில்லாத காரை அக்கா தலையில் கட்டப் பார்க்கிறான் என்று. நன்றாகத்தான் வந்தது. அதற்கு வலு சேர்க்க அக்காவை ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினேன்.

"பேட்டரி பழசும்மா. நாளைக்கே படுத்தாலும் படுக்கும். இன்னும் நாலு வருஷம் ஓடினாலும் ஓடும்."

"இது ஒரு பதிலா?"

"என்னைப் பத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

சதி அத்தோடு பிசுபிசுத்துப் போனது. தம்பி நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

4.

விடுமுறை நாளாகப் பார்த்து தம்பி காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வேண்டாம் என்று சொல்ல அக்கா நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்துகொண்டு மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். [அவை என்னிடம் இருக்கின்றன. ஒன்றுகூடப் பயன்படவில்லை.]

அவன் கதவைத் திறந்து காட்டினான். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையைக் காணோம். அந்த இடத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே தொடங்கிப் பின்கதவு வரைக்கும் நீளமாக ஒரு மரத்தொட்டி. உள்ளே கம்பி உரசாமலிருக்கத் துணி ஒட்டியிருந்தது.

"கர்ட்டன் கம்பிக்கு," என்றான். "போன தடவை வந்தப்போ நீ சமையல்கட்டுல இருந்தே. அப்போ அளந்துட்டேன்."

அக்கா கடைக்குள் போய் ஒரு கம்பியை எடுத்துவந்து தொட்டியில் வைத்தாள். பொருந்தவில்லை. கம்பியை அளந்தவன், அதன் இரண்டு முனையிலும் இருக்கும் உருண்டைக் குமிழை விட்டுவிட்டான். திரை தைக்கும் தொழிலுக்கு வருகிற எல்லோரும் முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

"குமிழைச் சேர்க்கலியேடா."

"குமிழையுமா சேர்க்கணும்?"

வாழ்நாளெல்லாம் ஊரார் வீட்டு ஜன்னலை அளந்தவளுக்காக ஒருவன் ஒளிந்து ஒளிந்து அளந்திருக்கிறான், அதுவும் தப்பாக. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அழுகையை மறைக்க அவனைக் கண்டபடி திட்டினாள். அவனும் ஈயென்று இளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

5.

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

முதலாவது: அக்கா வாங்கிக்கொள்கிறாள். மறுநாள் பஸ்ஸில் எல்லோரும் காலை நீட்டி உட்காருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் எப்படி மனம் மாறினாள் என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது: மறுக்கிறாள். தம்பி சரியென்று காரை எடுத்துக்கொண்டு போகிறான். அதற்கப்புறம் அவன் போன் செய்வது குறைகிறது. கோபம் ஒன்றுமில்லை. தன்னிடம் அக்காவுக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டையும் அக்கா ஏற்கவில்லை. அவளாக ஒன்று செய்தாள். சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"ஸ்டார்ட் ஆச்சுன்னா எடுத்துக்கறேன். ஆகலன்னா நீயே கொண்டு போயிடு. நான் சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தியோ, பேச்சு அதோட முடிஞ்சுது. சத்தியம் பண்ணு."

தம்பி சத்தியம் செய்தான். முன்னால் இருக்கைதான் இல்லையே. பின்னால் ஏறி, தொட்டிக்குள் அடங்காமல் காதோரம் இடித்த கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அக்கா ஓட்டிய ஒரே வண்டி, முன்பு வேலை பார்த்த கடையின் வேன். அது கிளம்பினால் தெருவே விழித்துக்கொள்ளும். தம்பியின் காரில் அவள் போகாமல் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே ஏறிப் பேசிக்கொண்டே இறங்குகிறவள் என்ன சத்தத்தைக் கண்டாள்? இந்த வகைக் கார் பேட்டரியில் கிளம்பும். மூச்சுக் காட்டாது.

பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் எரிந்தன. வேனிலும் சாவியைத் திருகியதும் விளக்கு எரியும், ஆனால் வண்டி கிளம்பியிருக்காது. காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வந்தவள், தான் அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். மெக்கானிக் சொன்னபடி பேட்டரி போய்விட்டது என்று நினைக்கிறாள். கை மறுபடியும் பொத்தானுக்குப் போகிறது. இன்னொரு முறை அழுத்தினால் அணைந்துவிடும்.

கார் கிளம்பி நிற்கிறது. தம்பிக்குத் தெரியும், விழி பிதுங்க உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தெரியும், ஆனால் எழுதுகிறவன் நடுவில் புகுந்து கத்தினால் நன்றாக இருக்காது. உங்களுக்கும் இப்போது தெரியும்.

அக்கா சத்தியம் வாங்கியது தம்பியிடம் மட்டும்தான். அவளிடம் சீக்கிரம் சொல்லுங்கள்.