சோளக்கட்டையில் விட்ட துளிர்

மூன்று மாதம் போக்குக் காட்டிய மழை, ஒரே வாரத்தில் நான்கு தடவை கொட்டித் தீர்த்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டுமென்று ஊரே கலப்பையோடு ஓட, தம்பிக்காரன் மட்டும் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான்.

வறட்சியில் அக்கா இரண்டு தடவை வந்து அவனிடம் மாட்டுக்கு ஒரு கட்டுக் காய்ந்த சோளத்தட்டை கேட்டிருந்தாள். அவளுக்கு நிலம் கிடையாது, புருஷனும் இல்லை. செவலைப் பசு கறக்கும் பாலில்தான் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் கஞ்சி குடித்தார்கள். தெருவோரப் புல் கருகியதும் பால் பாதியாகிவிட்டது. "என் மாட்டுக்கே பத்தாதுக்கா" என்று இவன் கைவிரித்தபோது, வீட்டுக்குப் பின்னால் தட்டைப்போர் கூரைக்கு மேல் நின்றது. அவள் அதைப் பார்த்தாள், வாயைத் திறக்காமல் போய்விட்டாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் அன்றைக்கே அவனுக்குச் செரித்திருக்கும்.

"என் சோளக்கொல்லையில அறுத்த கட்டையெல்லாம் துளிர்த்திருக்கு. செவலையைக் கொண்டாந்து விடு. வயிறாரத் தின்னட்டும்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மழை பேஞ்சா உனக்குக்கூட ஈரம் சுரக்குதாடா?" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் வந்திருந்தான்.

கொல்லையில் பச்சை ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. செவலை தலை நிமிராமல் மேய்ந்தது. விலாவெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அக்கா ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது மெல்லுற சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பசி அடங்குது."

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. செவலை வாயால் மூச்சு வாங்கியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. நாலடி தள்ளாடி, முன்னங்கால் மடங்கி விழுந்தது. கடைவாயில் நுரை.

அந்த நுரையைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. வெயிலில் காய்ந்த சோளக்கட்டை முதல் மழைக்கு விடும் துளிர் விஷம். அது இடுப்புக்கு மேல் வளரும்வரை மாட்டை உள்ளே விடக்கூடாது. சோளம் போடுகிறவன் எவனுக்கும் இது தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து அவன் நினைப்பெல்லாம் அக்காவின் முகத்திலேயே இருந்தது.

மாட்டு டாக்டருக்கு ஆள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பட்டினி கிடந்த வயிறு. ஒரேயடியா விட்டா தாங்குமா? நான்தான் இழுத்துப் பிடிச்சிருக்கணும். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

பழியை அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். இவன் சும்மா நின்றாலே போதும்.

"நீ என்னடா பண்ணுவ, நல்லதுக்குத்தான் கூப்பிட்ட" என்றவள், கயிற்றைக் கழற்றிச் சுற்றினாள். "கன்னுக்குட்டி ஒண்ணு இருக்கு. நாளைக்கு அதை இங்க கொண்டாரேன். கொஞ்சங் கொஞ்சமா மேய விட்டுப் பாத்துக்குறேன்."

"வேண்டாம்க்கா."

"ஏன்?"

"துளிருதான் கொன்னுச்சு. விஷம். எனக்குத் தெரியும், மறந்துட்டேன்."

கயிறு சுற்றிய கை நின்றது. நிமிர்ந்து கேட்டாள், "உன் மாடுங்க எங்க?"

"வீட்ல."

"என்ன தின்னுது?"

அக்கா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைத் திரும்பிப் பார்க்காமல் வரப்பேறிப் போனாள்.

அவன் வீட்டுக்குப் போய்ப் போரைப் பிரித்தான். "நம்ம மாட்டுக்கு என்ன பண்ணுறதாம்?" என்று பெண்டாட்டி கேட்டதைக் காதில் வாங்காமல், சுமக்க முடிந்த மட்டும் சுமந்துபோய் அக்காவின் கொட்டிலில் இறக்கினான். கன்றுக்குட்டி அவன் கையிலிருந்தே ஒரு தட்டையை இழுத்து மென்றது.

அக்கா உள்ளேதான் இருந்தாள். குரல் மட்டும் வந்தது.

"இன்னும் எத்தனை கட்டு இருக்கு?"

"நாப்பது இருக்கும்க்கா. எல்லாத்தையும் கொண்டாந்துடுறேன்."

"நான் கேட்டு வந்தன்னிக்கு?"

தலையில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டாமல் அவன் நின்றான்.

"நூத்துக்கு மேல."

கன்றுக்குட்டி அடுத்த தட்டையை இழுத்தது.