ஜன்னலோர மேசை

அப்பாவின் கைபேசியில் எண்களைத் தேடித் தேடிச் சொந்தக்காரர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள் மகள். நடுவே ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. 'லிஃப்ட் சார், இன்னிக்கு லீவு நாள் பிரன்ச் விருந்து. பதினோரு மணி, உங்க ஜன்னலோர மேசை, ரெண்டு பேர். வழக்கம்போல இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.' அனுப்பியது நகரத்துப் பெரிய ஹோட்டல்.

அந்த ஹோட்டலில் முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அப்பா. ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கமே போவதில்லை என்றுதான் பேச்சு. லீவு நாளென்றால் நடைக்குக் கிளம்புவார். அம்மா, பாவம், தன் அக்கா வீட்டுக்குப் போய்வருவாள். அப்படியானால் அந்த இரண்டாவது ஆள் யார்? போலீஸுக்கு மறைக்கும்படி என்ன காரியம்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றும் அறியாதவர்போல் படுத்திருந்தவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமாட்டில் அம்மா, காது மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அந்த இன்னொருத்தி மாலையும் கையுமாக இங்கேயே வந்து நின்றுவிட்டால் அம்மா தாங்குவாளா? தம்பி வந்துசேர மூன்று மணியாகும். மருந்துக்கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஹோட்டலில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக முட்டையும் பழமும் கேக்குமாகத் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தது கூட்டம். அவள் தூணோரம் நின்று ஜன்னலோர மேசையையே பார்த்தாள். இரண்டு தட்டு, இரண்டு கோப்பை. சென்ட் வாசனை ஒன்று கடந்தது. இவள்தானோ என்று திரும்பினாள்; இடுப்பில் கைக்குழந்தை. பதினொன்றேகால் ஆகியும் அந்த மேசைக்கு யாரும் வரவில்லை.

வயதான சர்வர் ஒருவர் வந்து விசாரித்தார். இன்னார் மகள், அப்பா நேற்று இறந்துவிட்டார் என்று சொன்னாள். அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவர்கூட வர்றது யாருங்க?"

"உங்கம்மாதான், வேற யாரு? ஆளுக்கொரு பஸ்ல தனித்தனியா வருவாங்க. சார் ஜோக் சொன்னா, காது மிஷினைத் திருகிக்கிட்டு மறுபடி சொல்லச் சொல்லுவாங்க. ஒரே ஒரு கேக்கை ரெண்டாப் பிட்டுப்பாங்க. அதுக்குமேல தொடமாட்டாரு. இன்ஸ்பெக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்பாரு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆமா, யாரும்மா அந்த இன்ஸ்பெக்டர்? சனிக்கிழமையானா சார் விரல்ல ஊசி குத்துவாராமே?"

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளோடு வீட்டில் இனிப்பை ஒழித்தவள். டப்பாக்களைத் திறந்து பார்ப்பாள், அவர் சட்டைப்பையைக்கூடத் தடவிப் பார்ப்பாள்.

"தெரியலீங்க" என்றாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சர்வர் கேட்காமலே ஒரு கேக்கைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா அதே இடத்தில்தான் இருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த மிஷினை எடுத்து அவள் காதில் பொருத்தினாள்.

"மருந்து கெடச்சுதா?"

கேக் பெட்டியை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அதன்மேல் ஹோட்டல் பேர் போட்ட தங்க எழுத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நேற்றிலிருந்து எதுவும் தொடாத உதட்டைப் புறங்கையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.