மீதிச் சொல்

பெரியப்பா வாக்குத் தவறாதவர். பயிற்சி அறையில் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சுவரோரமாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

தம்பி மகள் குருவிக்கு எட்டு வயது. பேச்சு திக்கும். வீட்டில் அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் மீதியைப் பெரியப்பாவே சொல்லி முடித்துவிடுவார். விருந்தாளிகள் முன்னால் குடும்ப மானம் அந்தரத்தில் தொங்கலாமா? இப்படியே போனால் குழந்தை பேச்சையே விட்டுவிடும் என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் முகத்துக்கு நேரே சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது. திக்குவதை ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கணுமாக்கும் என்று முணுமுணுத்தபடிதான் வந்திருந்தார்.

திரையில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. குடை, கரண்டி, நாற்காலி. குருவி லேசாகத் தடுக்கித் தடுக்கித் தாண்டினாள். மனத்தைத் தொடும் சொற்களில்தான் அவளுக்கு அதிகம் இறுகும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள்.

அடுத்து 'அழுகை' வந்தது. குருவியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தபடி நின்றது.

"அழுகை" என்றது கனத்த ஆண்குரல் ஒன்று.

பயிற்சிப் பெண் திரும்பினாள். "பேச மாட்டேன்னு சொன்னீங்களே சார்."

"நான் வாயே திறக்கலைம்மா."

'அடி' வந்தது. இம்முறை பயிற்சிப் பெண் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீசைகூட அசையவில்லை. "அடி" என்று மறுபடியும் அவர் குரல் கேட்டது, தொண்டைக் கரகரப்பு உட்பட. வந்தது குழந்தையின் வாயிலிருந்து. குருவி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. காலை ஆட்டிக்கொண்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள்.

பயிற்சிப் பெண் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் வேறு சிலர் காத்திருந்தார்கள். அவர் கதவை ஒட்டியே நின்றார். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"திரை வேண்டாம் கண்ணு. நீயே சொல்லு. யாரைப் பாத்தா உனக்குப் பயம்? எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, உன் குரல்லதான் எனக்கு வேணும்."

அவர் காதைக் கதவில் பதித்தார். பிறகு கீச்சென்று, "பெ... பெ..." என்று வந்தது.

மீதி என்னவென்று அவருக்குத் தெரியும். வேறு எவர் காதிலும் விழுவதற்குள் வேறெதையாவது சொல்லி முடித்துவிட வேண்டும். வாக்கு மறந்தது. வாயைத் திறந்தார்.

"பெ..."

உதடுகள் ஒட்டிக்கொண்டன. காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பெ... பெ..."

"பெரியப்பா" என்றாள் குருவி உள்ளே, தன் குரலில், தெள்ளத் தெளிவாக.

அவர் இன்னும் முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஒருவர் இரக்கப்பட்டு எழுந்து, மீதியை அவருக்காக முடித்துக் கொடுத்தார்.

"பெஞ்சா சார்? இங்க இருக்கு, உக்காருங்க."