மேலே காட்டிய விரல்

"ஆடு, மாடு?" என்று கேட்டார் டாக்டர்.

"கிடையாது."

"நாய், பூனை?"

"கிடையாது."

"போன மாசம் ஆறு, குளம் எதிலாவது இறங்கினாரா?"

"குளிக்கவே வெந்நீர் கேக்கிற மனுஷன், டாக்டர்."

இளவயது டாக்டர் சிரிக்காமல் படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினார். கட்டிலில் கிடந்தவருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். மண்டையைப் பிளக்கும் தலைவலி, சளியே வராத இருமல். இரண்டு வகை ஊசி மருந்து போட்டும் இறங்கவில்லை. நாடி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நிதானமாக அடித்தது. "இவ்வளவு காய்ச்சலுக்கு நாடி ஓடணுமே, ஏன் நடக்குது?" என்று முந்தின நாள் மனைவிதான் கேட்டாள். டாக்டர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் இந்தப் படிவம் வந்தது.

கேள்வி கேட்பது அவளுடைய சுபாவம். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்த பொடி எழுத்துக் காகிதத்தைக்கூடப் படித்து முடிக்காமல் கணவனுக்கு மாத்திரை தரமாட்டாள். அவர் அவளுக்கு வைத்த பெயர் கமிஷன். "விசாரணைக் கமிஷன் உக்காந்தாச்சு" என்று சொல்லிவிட்டு நைசாக நழுவிவிடுவார்.

"என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"பறவை ஏதாவது வளர்க்கிறீங்களா? கிளி, கோழி?"

"பறவையா? எனக்கு ஆகவே ஆகாது. ஒண்ணும் கிடையாது."

அப்போது கட்டிலில் கிடந்தவர் விரலைத் தூக்கினார். பிராணவாயு முகமூடிக்குள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆள்காட்டி விரல் மேலே காட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி.

"குளிருதா?" என்று எழுந்துபோய் அதன் வேகத்தைக் குறைத்து ஒன்றில் வைத்தாள். விரல் இன்னொரு முறை மேலே போனது. பிறகு, இவளிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்று பேச்சை விடும்போது செய்வது போல, அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

மதியம் இரண்டே காலுக்கு அவர் போய்விட்டார்.

சான்றிதழுக்காக அவள் நடைபாதை பெஞ்சில் காத்திருந்தாள். அழுகை வரவில்லை. எதனால் என்ற ஒரு சொல்தான் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய கூட்டாளி வேலை உடுப்போடு ஓடிவந்தான். குள்ளமான ஆள். எல்லாரும் அவனை நட்டு என்பார்கள்.

"வண்டி சொல்லியாச்சு அண்ணி. அரை மணியில வந்துடும்" என்றவன் சுவரில் கைவைத்து இருமினான். சளியில்லாத இருமல். இருமி முடித்ததும் நெற்றியை இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தலைவலியா?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து. அண்ணனை நினைச்சுக் கலங்கினதுதான், வேற ஒண்ணுமில்ல."

அவள் அவன் கழுத்தில் புறங்கையை வைத்தாள். கொதித்தது.

"உக்காரு. போன வாரத்துக்கு முந்தின வாரம் ரெண்டு பேரும் எங்க வேலை பாத்தீங்க?"

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் சொன்னான். பன்னிரண்டு மாடிக் கட்டடம். ஐந்து வருஷமாக லிஃப்ட் ஓடவில்லை.

"லிஃப்டுக்குள்ளயா வேலை?"

"உள்ள என்ன இருக்கு, வெறும் பெட்டி. மோட்டார் எல்லாம் மொட்டைமாடி ரூம்லதான். அதுக்குள்ள மோட்டாரே தெரியல, அவ்வளவு..." சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"அவ்வளவு என்ன?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"அவர்தான் போயிட்டாரே."

நட்டு தரையைப் பார்த்தான். "புறா அண்ணி. உடைஞ்ச கண்ணாடி வழியா வந்து குடித்தனமே நடத்தியிருக்கு. காய்ஞ்சுபோன எச்சம் கணுக்கால் அளவுக்கு. மூணு நாள் கூட்டினோம், மாவு மில்லு மாதிரி தூசி. ஒரு மூலையை மட்டும் அண்ணன் தொட விடல. ரெண்டு முட்டை இருந்துச்சு. கிரீஸ் டப்பா மூடியில தண்ணி வேற வச்சாரு. 'கமிஷன்கிட்ட மூச்சு விட்டுடாதடா, அவளுக்கும் புறாவுக்கும் ஜென்மப் பகை'ன்னு..." அவனுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, கண்ணில் நீராக முடிந்தது.

துவைத்துக் காயப்போட்ட துணியை நாசம் செய்கிறதென்று தினமும் கம்பெடுத்துப் புறா விரட்டுகிறவள் அவள். எழுந்து நின்றாள்.

"வா, டாக்டரைப் பாக்கலாம்."

"முதல்ல அண்ணனை வீட்டுக்குக் கொண்டுபோவோம். அப்புறம்..."

"அவர் காத்திருப்பார். நீ வா."

"வண்டி வந்துடும் அண்ணி."

"நிக்கட்டும். உன்னைக் காட்டாம நான் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்."

டாக்டர் முழுவதையும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நட்டுவின் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, இன்னொரு முறை பிடித்தார்.

"புறா, கிளி எச்சம் காய்ஞ்சு தூசியாகி மூச்சுல போனா இப்படி ஒரு காய்ச்சல் வரும். நுரையீரலைப் பிடிக்கும். நாங்க போட்ட ஊசிக்கு அது அடங்காது, அதுக்கு வேற மாத்திரை. சோதனை பண்ணினாத்தான் உறுதி. அவரோட ரத்தமும் கொஞ்சம் இருக்கு, அதையும் அனுப்பறேன்." நட்டுவைப் பார்த்தார். "உங்களுக்குச் சோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே ஆரம்பிக்கிறேன். சீக்கிரமா வந்துட்டீங்க."

மாத்திரை வந்தது. அவள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். எத்தனை நாள், சாப்பிட்டா சாப்பிடாமலா, பாலோடு தரலாமா, வெயிலில் போகலாமா, கட்டடத்துக் காவல்காரருக்கும் சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். நட்டு தண்ணீர் டம்ளரோடு அவளுடைய உத்தரவுக்குக் காத்திருந்தான்.

"முழுங்கு."

முழுங்கினான். "நாக்கையும் நீட்டிக் காட்டணுமா அண்ணி?"

"காட்டு."

காட்டினான்.

டாக்டர் பழைய படிவத்தை எடுத்து 'இல்லை' என்பதை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். பிறகு, இன்னும் ஏதாவது கேட்பாளோ என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார். கேட்க ஒன்று இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

அவருடைய மூக்குக்கண்ணாடியையும் சீப்பையும் எடுத்துவர வார்டுக்குப் போனாள். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட உருவிவிட்டிருந்தார்கள். மேலே மின்விசிறி, அவள் வைத்தபடி, ஒன்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.