பந்திக்கு ஒரு ஒத்திகை

இனி கோயில் அன்னதானத்தில் வாழை இலை கிடையாது, பாக்கெட் சாப்பாடுதான் என்று பொருளாளர் ராமலிங்கம் சொன்னதிலிருந்து பாக்கியலட்சுமிக்குச் சோறே இறங்கவில்லை. பரிமாறும் குழுவுக்குத் தலைவி அவர். வந்தவர்களை உட்கார வைத்துப் போடாத சாப்பாடு அவருக்குச் சாப்பாடே அல்ல. ஆனால் போன பங்குனி உத்திரத்தன்று வரிசை தெருவரை நீண்டு, பக்கத்துத் துணிக்கடை ஜரீனாவின் வாசலையே அடைத்துவிட்டதும் பொய்யில்லை.

இதைப் பற்றிய வாக்கெடுப்புக்கு முன்னால் இரண்டையும் ஆடிப் பார்த்துவிடலாம் என்றாள் வைஷாலி. நிர்வாகக் குழுவுக்குப் புதியவள். பெரிய பெரிய அலுவலகங்கள் ஒரு முடிவெடுக்கும் முன் அதை விளையாட்டாக நடத்திக் காட்டுவதுதான் அவள் தொழில். மண்டபத் தரையில் டேப் ஒட்டி பந்தி, தெரு, கடை வாசல் என்று பிரித்தாள். மற்ற உறுப்பினர்கள் பக்தர்கள் ஆனார்கள்.

"ஒரே ரூல்தான். யாரும் அவங்கவங்க வேலையைச் செய்யக்கூடாது. ராமலிங்கம் அங்கிள், நீங்க பரிமாறுங்க. ஆன்ட்டி, நீங்கதான் ஜரீனா."

வெறும் வாளிதான். ஆனாலும் கரண்டி கைக்கு வந்ததும் ராமலிங்கம் ஆளே மாறிப்போனார். "என்ன அதுக்குள்ள போதுங்கிறீங்க? இன்னொரு கரண்டி ரசம் ஊத்திக்குங்க!" பந்தி நகரவில்லை. வரிசை டேப்பைத் தாண்டிக் கடை வாசலுக்கு வந்து நின்றது.

"சாப்பிட்டவங்கள எழுப்புங்க லா! எனக்கு வியாபாரம் நடக்க வேணாமா?" என்று ஜரீனா மாதிரியே 'லா' போட்டுக் கத்திய பிறகுதான், கத்தியது தானா என்று பாக்கியலட்சுமிக்கே திக்கென்றது. மண்டபம் சிரித்து உருண்டது.

அடுத்த ஆட்டம் பாக்கெட். வரிசை பறந்தது. ராமலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். "வாங்கிட்டு எங்க போவீங்க?" என்று வைஷாலி கேட்டதும், பக்தர்கள் அத்தனை பேரும் நிழல் தேடி ஜரீனாவின் வாசலிலேயே சம்மணம் போட்டார்கள். இந்தத் தடவை பாக்கியலட்சுமி கத்தவில்லை. பாக்கெட்டும் தோற்றதில் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நின்றார்.

அங்கே நின்றபோதுதான் இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. முதல் ஆட்டத்தில் இலையைக் காலி செய்தவர்களும் வாளியைப் பார்த்தபடி உட்கார்ந்தேதான் இருந்தார்கள்.

"பாயசம் வராம நம்மாளு எவன் எழுந்திரிப்பான்? அத வெளிய போற பின்வாசல்ல கப்புல குடுங்க" என்றார் பாக்கியலட்சுமி.

ஆடிப் பார்த்தார்கள். இலை போட்டும் பந்தி மளமளவென்று நகர்ந்தது. இலைக்கே எல்லாக் கையும் உயர்ந்தது, ராமலிங்கத்தின் கையும்தான்.

"ஆனா கடைப் பக்கம் வரிசையப் பார்க்க ஒரு ஆள் வேணும். யார் நிக்கிறீங்க?" என்றாள் வைஷாலி. எல்லாருக்கும் உள்ளே பரிமாறத்தான் ஆசை.

அந்த வாசலின் அவஸ்தை தெரிந்தவர் ஒருவர்தான். பாக்கியலட்சுமிக்கு மனசு அடித்துக்கொண்டது. வெளியே நின்றால் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய இலையில் ஒரு கரண்டி போட முடியாது.

"நான் நிக்கிறேன்."

"அப்ப பரிமாற?" என்றார் ராமலிங்கம்.

"நீங்கதான். ஒருத்தர் போதும்னதுக்கப்புறம் ரசம் ஊத்துனீங்க, உள்ள வந்து கரண்டியப் புடுங்கிடுவேன்!"